கால்டர் ஃபால்ஸில் தறி ஓடிய நாலு மாசம்

ஆத்தோரம் ஒரு ஊரு, ஊருக்கு நடுவுல ஒரு மில்லு, மில்லுக்குள்ள மட்டும் மில்லு இல்லை. அமெரிக்காவுல தெக்குப்பக்கம் கரோலினாச் சீமையில இருக்குது, பேரு கால்டர் ஃபால்ஸ், அறுபதாயிரம் ஜனம், முப்பத்தெட்டு சர்ச்சு, பேருக்கு ஒரு அருவி, நம்மூரு வாய்க்கால் மதகுல இதைவிட வேகமாத் தண்ணி விழும். ஒரு காலத்துல அமெரிக்காவுல மூணு கட்டில் இருந்தா அதுல ஒரு கட்டிலுக்கு பெட்ஷீட்டு இங்க இருந்துதான் போச்சுன்னு மியூசியத்துல எழுதி வெச்சிருக்காங்க, அந்த மியூசியமே ஒத்தை ரூமு, உள்ள ஒரு தறி, ஒரு கட்டில், கட்டில்மேல ஒரு பொம்மை, அவ்வளவுதான். மில்லை மூடி முப்பத்தோரு வருஷம் ஆச்சு. அந்தச் செங்கல் கட்டடத்துல இப்பக் கீழே பீர் காய்ச்சறாங்க, அதுக்கு மேல யோகா, அதுக்கும் மேல ரெண்டு மாடி முழுக்க வீடுங்க, அதுல ஒண்ணுலதான் நானும் எங்கூட்டுக்காரர் மயில்சாமியும் குடியிருக்கறோம். அவருக்கு டயர் கம்பெனியில கம்ப்யூட்டர் வேலை. என்ற பேரு கோகிலவாணி, சொந்த ஊரு பள்ளிபாளையம், விசைத்தறிப் பட்டறையிலயே தொட்டில் கட்டித் தூங்கி வளந்தவ, இதை ஏன் சொல்றேன்னு பின்னால உங்களுக்கே தெரியும்.

மார்ச் மாசம் ஒரு செவ்வாக்கிழமை, காலையில ஆறு மணிக்கு, மில்லு ஓட ஆரம்பிச்சுருச்சு. தறி இல்லைங்க, ஆளு இல்லை, நூலு இல்லை, சத்தம் மட்டும். ஆயிரத்தி இருநூறு தறி ஒண்ணாச் சேந்து ஓடற சத்தம், டக்கட டக்கட டக்கடன்னு ஊரு முச்சூடும், ஆத்துக்கு அக்கட்டால ஆஸ்பத்திரி வரைக்கும், வாட்டர் டேங்கு வரைக்கும், ஒருத்தரு கத்தினா பக்கத்துல நிக்கறவருக்குக் கேக்காத அளவுக்கு. எங்கூட்டுக்காரர் எந்திரிச்சு உக்காந்து வாயை அசைச்சாரு, "என்ன சத்தம்?" நான் வாயை அசைச்சேன், "தறிங்க." "ஓ"ன்னுட்டு மறுபடி படுத்துக்கிட்டாரு. நான் போயிக் காப்பி வெச்சேன்.

ஊரும் அப்படித்தான். மொத நாள் எல்லாரும் தெருவுல நின்னு அண்ணாந்து பாத்தாங்க, ரெண்டாம் நாள் யுனிவர்சிட்டியில இருந்து நாலு பேரு மீட்டரு கீட்டரு எல்லாம் எடுத்துக்கிட்டு வந்து செவுத்துல வெச்சுப் பாத்துட்டு பீர் குடிச்சுட்டுப் போயிட்டாங்க, மூணாம் நாள் மாநகராட்சி வாசல்ல ஒரு போர்டு வெச்சாங்க, "மில் ஓடுகிறது. அலுவலகம் வழக்கம்போல் இயங்கும்"னு. அதோட எதுக்கு ஓடுதுங்கற பேச்சு முடிஞ்சுது, எப்படிப் பொழைக்கறதுங்கற பேச்சு ஆரம்பிச்சுது. பேச்சுன்னா எந்தப் பேச்சு? அதுதானே தகராறு.

தறியில வேலை செஞ்சவங்களுக்கு இது ஒரு விஷயமே இல்லைங்க. பட்டறைச் சத்தத்துல யாரு காதால கேட்டாங்க? வாயைப் பாத்துத்தான் பேச்சு. பள்ளிபாளையத்துல எங்கம்மா நாலு தறிக்கு அந்தப்பக்கம் நிக்கற சம்பங்கி அத்தைகிட்ட உதட்டாலயே நாத்தனார் சண்டை முச்சூடும் சொல்லி முடிச்சுரும். இங்கயும் அதே வித்தைதான். கால்டர் ஃபால்ஸ்ல பழைய தறிக்காரங்க நானூறு பேரு மிச்சம் இருந்தாங்க, முப்பத்தோரு வருஷமா வாயை மூடி டிவி பாத்துக்கிட்டு இருந்தவங்க எல்லாம் அன்னிக்குக் காலையில வாசலுக்கு வந்து, ரோட்டுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நின்னுக்கிட்டு, கொட்டித் தீத்தாங்க பாருங்க. ஊர்ல மிச்சப் பேரெல்லாம் அவங்க வாயையே பாத்துப் பாத்து, மூணு வாரத்துல முக்கால்வாசிப் பேரு உதட்டுப் பேச்சைப் புடிச்சுக்கிட்டாங்க.

அப்புறம் நடந்த கூத்தைக் கேளுங்க. மொதல்ல தாடி போச்சு. தாடிமீசை இருந்தா உதடு தெரியாதுல்ல? பீர் கடைப் பசங்க நெஞ்சு வரைக்கும் வளத்து எண்ணெய் தேச்சு வெச்சிருந்த தாடியெல்லாம் ஒரே வாரத்துல சலூன் தரையில கெடந்துது, உள்ள இருந்து பாத்தா எல்லாம் பால் வடியற மூஞ்சி. அடுத்து லிப்ஸ்டிக். தூரத்துல இருந்து தெரியணும்னு ஜட்ஜு ஐயா லிப்ஸ்டிக் போட்டாரு, பாதிரியார் போட்டாரு, மேயர் போட்டாரு, போலீஸ்காரங்களுக்கு டிபார்ட்மெண்டே வாங்கிக் குடுத்துது, செவப்பு கெடைக்காம ஆரஞ்சு போட்டுக்கிட்டு ஒரு இன்ஸ்பெக்டர் சுத்தினாரு, அவருக்கு அது நல்லாத்தான் இருந்துது. கைக்கொழந்தைங்க எல்லாம் சொகமாத் தூங்குச்சு. புருசன் பொண்டாட்டி சண்டையில யாரு மொதல்ல கண்ணை மூடறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. எங்கூட்டுக்காரர் நாலு மாசமும் ஆபீஸ் மீட்டிங்ல மைக்கை அணைச்சு வெச்சுக்கிட்டுத் தலையை மட்டும் ஆட்டினாரு, "அடுத்தவங்க சொல்றதைப் பொறுமையாக் கேக்கறாரு"ன்னு சொல்லிப் பதவி உயர்வு குடுத்தாங்க. பதினெட்டு வருஷமா என்கிட்ட மட்டும் அந்தப் பொறுமை எங்க போச்சோ தெரியலை.

ஆனா ஒரு கெரகம் வந்து சேந்துது. காதும் காதும் வெச்ச மாதிரின்னு சொல்லுவோமே, இங்கக் காதுக்கே வேலை இல்லையே! ஆத்துக்கு அந்தப்பக்கம் ஒருத்தி மருமகளைப் பத்திச் சொன்னா இந்தப்பக்கம் நின்னு படிச்சுக்கலாம். ஏப்ரல் மொத வாரம் ஊரே நாறிப்போச்சு. பேக்கரிக்காரம்மா பாட்டி பக்குவம்னு சொல்லி வித்த பிஸ்கட்டு டப்பா மாவுங்கறது தெரிஞ்சுபோச்சு, சர்ச்சுப் பாடகர் குழுவுல பதினோரு பேரு பாட்டே தெரியாம வாயை மட்டும் அசைச்சது தெரிஞ்சுபோச்சு, இன்னும் எனக்கே சொல்லக் கூசற நாலு சங்கதியும் தெரிஞ்சுபோச்சு. ஊரு வாயை மூட உலைமூடி ஏதுங்க?

அப்பத்தான் லொரெட்டாக்கா எந்திரிச்சு வந்துச்சு. லொரெட்டா பிரிட்சர்டு, வயசு அம்பத்தொன்பது, எட்டு வருஷம் அந்த மில்லுல தறி ஓட்டினது, இப்ப லைப்ரரி கவுண்டர்ல வேலை, புருசன் லாரி ஓட்டினவரு, காலமாகி ஆறு வருஷம். அந்தக்கா உதடு மாதிரித் தெளிவான உதடு அந்தச் சீமையிலயே கெடையாது, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா நிக்கும். கோர்ட்டுப் படிக்கட்டுல ஏறி நின்னு ஊரைப் பாத்துச் சொல்லுச்சு: "தறிக்காரங்களுக்கு ஒரு மரியாதை உண்டு. ரெண்டு பேரு தங்களுக்குள்ள பேசிக்கிட்டா மத்தவங்க முதுகைக் காட்டிக்கணும். வாயைப் படிக்கக் கத்துக்கிட்டீங்க, அந்த மரியாதையையும் கத்துக்கங்க." ஊருக்குச் சுருக்குன்னு இருந்துது. அன்னிக்கே பார்க்குல பெஞ்சை எல்லாம் ஒண்ணுக்கொண்ணு முதுகு காட்டிப் போட்டாங்க, ஓட்டல்ல பக்கத்து மேசையில யாராவது லேசாத் தலையைச் சாய்ச்சா நாம நாற்காலியோட திரும்பிக்கணும், பொடிசுங்க கூடப் பழகிக்கிச்சு. அதோட ரேடியோ காதுல விழாத ஊருக்கு நீங்களே செய்தி வாசிங்கன்னு கவுன்சில் கேட்டுக்கிச்சு, அன்னியில இருந்து தெனமும் பகல் பதினொண்ணே முக்காலுக்கு அந்தக்கா செக்கச்செவேல்னு லிப்ஸ்டிக் போட்டுக்கிட்டு படிக்கட்டுல நிக்கும், கீழே ரெண்டாயிரம் மூவாயிரம் பேரு வாயைப் பாத்துக்கிட்டு நிப்பாங்க.

எனக்கும் அந்தக்காவுக்கும் மொத வாரமே ஒட்டிக்கிச்சு. லைப்ரரியில அந்தக் கோடியில இருந்து, "எங்க கத்துக்கிட்டே கண்ணு?"ன்னு கேட்டுச்சு. அந்தக்கா இங்கிலீசுலதான் பேசும், ஆனா எனக்கென்னமோ நம்மூருப் பேச்சாத்தான் மனசுல ஏறும், அப்படியேதான் உங்களுக்கும் சொல்றேன். பள்ளிபாளையம்னேன். உங்க மில்லை மூடினப்ப அந்த பெட்ஷீட்டு ஆர்டர்ல கொஞ்சம் எங்க பக்கந்தானுங்க்கா வந்துதுன்னு உண்மையையும் சொல்லிட்டேன், மனசுல உறுத்திக்கிட்டே இருந்துது. அந்தக்கா கையில இருந்த புஸ்தகத்தைக் கீழே வெச்சுச்சு. "இப்ப அங்க எப்படி?"ன்னு கேட்டுச்சு. "பாதித் தறி பழைய இரும்புக்குப் போயிருச்சுங்க்கா." அந்தக்கா கவுண்டர்ல தலையை வெச்சுக்கிட்டுச் சிரிச்சுச்சு, "அப்ப நம்ம வேலையை இப்ப யாருதான் செய்யறா?" எனக்கும் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துருச்சு. அன்னியில இருந்து என்ற மதியச் சாப்பாடு லைப்ரரியிலதான்.

ஏப்ரல் கடைசியில என்ற வாஷிங் மெஷின் நின்னுபோச்சு. ரிப்பேருக்கு எர்லண்ணன் வந்தாரு. எர்ல் டாக்கின்ஸ், அறுபத்தோரு வயசு, மில்லுல தறி ரிப்பேர் பாத்த ஃபிட்டர், கல்யாணம் பண்ணிக்கலை. போன வருசமும் வந்தாரு, அப்ப எதைக் கேட்டாலும் சட்டைப்பையில இருந்து துண்டுச்சீட்டை எடுத்து எழுதிக் காட்டினாரு, வாய் பேச வராத மனுசன்னே நெனச்சுக்கிட்டு இருந்தேன். இந்தத் தடவை மெஷினைக் கழட்டிக்கிட்டே என்னைத் திரும்பிப் பாத்து, பெல்ட்டு தேஞ்சுபோச்சு அம்மிணி, துணியை இப்படித் திணிச்சா எந்த மெஷினும் தாங்காது, என்னதான் துவைக்கறீங்க ரெண்டு பேருக்கு இவ்வளவுன்னு, கடகடகடன்னு, அருவி மாதிரி, அந்த ஊரு அருவி இல்லைங்க, நெஜ அருவி மாதிரி! நான் வாயைப் பொளந்துக்கிட்டு நின்னேன்.

"எனக்குத் திக்குவாய்"ன்னாரு. "என்ற குரல் என்ற காதுல விழுந்தா நாக்கு கட்டிக்கும். தறிச் சத்தத்துல குரலே கேக்காது, அதனால திக்காது. மில்லுக்குள்ள என்னைவிட வாயாடி கெடையாது." சொல்லிட்டு ஸ்பேனரைக் கீழே வெச்சாரு, மீதியையும் சொன்னாரு.

எட்டு வருஷம் எர்லண்ணனும் லொரெட்டாக்காவும் ஒரே ஷிஃப்டு. தெனமும் எட்டு மணி நேரம் பேச்சு, சிரிப்பு, கிண்டல், எல்லாம் உதட்டாலதான், ஒருத்தரு குரலை ஒருத்தரு கேட்டதே இல்லை. மில்லை மூடின அன்னிக்கு எல்லாரும் வெளியில வந்து வண்டி நிறுத்தற எடத்துல நின்னப்ப, ஊரே நிசப்தம், அந்தக்கா இவருகிட்ட வந்து வாய்விட்டு, "அப்புறம், எர்ல்?"னு கேட்டுச்சு. என்ன கேக்குதுன்னு இவருக்குத் தெரியும். பதிலும் தயாரா இருந்துது. நாக்குத்தான் எந்திரிக்கலை. தலையைக் குனிஞ்சுக்கிட்டு வண்டியேறிப் போயிட்டாரு. அந்தக்கா ரெண்டு வருஷம் பாத்துட்டு லாரிக்காரரைக் கட்டிக்கிச்சு.

"அவளுக்குப் புடிச்ச எர்ல் மில்லுக்குள்ளயே நின்னுட்டான் அம்மிணி, வெளியில வந்தவன் வேற"ன்னாரு. வாயுள்ள புள்ள பொழைக்கும்னு சொல்லுவாங்க, அந்த மனுசனுக்கு வாய் இருந்தது மில்லுக்குள்ள மட்டும்னா என்ன பண்ணுவாரு? இப்பச் சத்தம் வந்துருச்சு, வாயும் வந்துருச்சு, ஆனா லொரெட்டாக்கா இவரைக் கண்டாலே திரும்பிக்குது. அந்த ஊர்ல முதுகைக் காட்டினாப் பேச்சு முடிஞ்சுதுன்னு அர்த்தம். லைப்ரரிக்கு ஒம்பது தடவை போயிருக்காரு, ஒம்பது தடவையும் முதுகு. "இந்தச் சத்தம் என்னிக்கு நிக்கும்னு தெரியாது. நிக்கறதுக்குள்ள அவ ஒரே ஒரு தடவை என்ற வாயைப் பாத்தாப் போதும்"னாரு. எனக்கு அந்த மனுசனைப் பாத்து நெஞ்சு வலிச்சுது, கோவமும் வந்துது.

"ஏனுங்கண்ணா, மூளை இருக்குதா உங்களுக்கு?"ன்னு கேட்டேன். "தெனமும் பதினொண்ணே முக்காலுக்கு அந்தக்கா ஊரைப் பாத்து நிக்குதே. செய்தி வாசிக்கறப்ப எப்படித் திரும்பும்?"

மனுசன் ஆடிப்போயிட்டாரு. மூவாயிரம் பேரு முன்னாலயான்னாரு. மூவாயிரம் பேருந்தான்னேன். ஒத்திகை பாக்கணும்னு சொல்லிச் சொல்லி மே மாசம் போச்சு, ஜூன் மாசமும் போச்சு, என்ற மெஷினை நாலு தடவை கழட்டி மாட்டினாரு, கடைசியில ஜூலை நாலாந்தேதிக்கு முந்தின சனிக்கிழமைன்னு நாள் குறிச்சாரு. கரோலினாப் பக்கத்துல மில்லுக எல்லாம் வருஷா வருஷம் அந்தச் சனிக்கிழமை பகல் பன்னெண்டு மணிக்கு நிறுத்தி ஒரு வாரம் லீவு விடுவாங்களாம், அந்த ஊர்ல பொறந்த நாய்க்குக்கூட அது தெரியுமாம். நான் நேத்து வந்தவ, எனக்கு எப்படித் தெரியும்? பத்து வருஷம் அந்த லீவுல மீன் புடிக்கப் போன மனுசனுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டாமா? சந்தோசத்துல மறந்துட்டாரு. அவரு மட்டுமில்லை, ஊரே மறந்துருச்சு.

சனிக்கிழமை வந்துது. நல்ல வெயில், படிக்கட்டுக்குக் கீழே எள்ளு போட்டா எள்ளு விழாத கூட்டம். லொரெட்டாக்கா செய்தி வாசிச்சுச்சு: ஊர்வலத்துக்காக மெயின் ரோடு அடைப்பு. வாட்டர் டேங்கு கழுவறாங்க, ரெண்டு நாளைக்குத் தண்ணி கலங்கலா வரும். மேப்பிள் தெருவுல ஒரு ஆமை காணாமப் போயிருச்சு, பேரு கெவின். அப்பத்தான் கூட்டத்துக்குப் பின்னால எர்லண்ணன் அலுமினிய ஏணியை விரிச்சு நிறுத்தி மேல ஏறினாரு. வெள்ளைச் சட்டை, மழமழன்னு சவரம், உதட்டுல லிப்ஸ்டிக், கொஞ்சம் கோணலா இழுத்திருந்தாரு. அந்தக்கா பாத்துருச்சு. கூட்டமும் என்னடான்னு திரும்பிப் பாத்துது.

"லொரெட்டா, திரும்பாதே"ன்னாரு, அட்டகாசமாப் பேசினாரு, ஒரு எழுத்து பெசகலை. "திரும்பினா ஆமை சேதி பாதியில நின்னுபோகும். மில்லை மூடின அன்னிக்கு நீ கேட்டே, நான் பதில் சொல்லாம வண்டியேறிட்டேன். உன்னைப் புடிக்காம இல்லை. எனக்குத் திக்கும் லொரெட்டா. இந்தச் சத்தத்துக்குள்ள திக்காது, வெளியில வந்தாத் திக்கும். எட்டு வருஷம் நீ பேசிப் பழகின ஆளு நான் இல்லைன்னு நீ நெனச்சுருவியோன்னு பயந்துட்டேன். இப்பக் கேக்கறேன். லொரெட்டா, என்னை…"

நின்னுபோச்சுங்க. சத்தம். கத்தியை வெச்சு அறுத்த மாதிரி. கோர்ட்டு மணி டிங் டிங்னு பன்னெண்டு அடிச்சுது, பாவம், அது நாலு மாசமா அடிச்சுக்கிட்டேதான் இருந்திருக்குது, யாருக்குங்க கேட்டுது? அப்புறம் ஒரு கொழந்தை அழுவுற சத்தம், கொடிக்கம்பத்துல கயிறு தட்டற சத்தம், யாரோ ஒருத்தரு வயிறு உருமற சத்தம், எல்லாம் ஒண்ணொண்ணாக் கேட்டுது. ஏணிமேல எர்லண்ணன் தொறந்த வாயோட நின்னாரு. மூஞ்சி வெளுத்துப்போச்சு. மெதுவா ஒரு காலைக் கீழ்ப்படியில வெச்சாரு, இறங்கறாரு, வண்டியேறிப் போகப் போறாரு.

"எர்ல்!" லொரெட்டாக்கா, வாய்விட்டு. "ஏணியிலயே நில்லு. பாதி சொல்லிட்டு இறங்காதே."

நின்னாரு. கண்ணை இறுக்கி மூடிக்கிட்டாரு. "ல்…"ன்னு ஒரு சத்தம் வந்துது. "ல், ல், லொ…"

அப்பப் பழைய தறிக்காரங்க நானூறு பேரும், யாரும் சொல்லாமலே, ஒண்ணு போலத் திரும்பி முதுகைக் காட்டினாங்க. அவங்களைப் பாத்து மிச்சப் பேரும் திரும்பினாங்க, ஜட்ஜு, மேயர், ஆரஞ்சு இன்ஸ்பெக்டர், எங்கூட்டுக்காரர், மூவாயிரம் பேரும். மரியாதை தெரிஞ்ச ஊருங்க. ஆனா மக்கு ஊரு! சத்தந்தான் நின்னுபோச்சே, இனி முதுகைக் காட்டி என்ன பிரயோசனம்? காதுக்கு முதுகு ஏது? நான் திரும்பலை. வேணும்னாத் திட்டிக்கங்க, நாலு தடவை மெஷினைக் கழட்ட விட்டவ நான், திரும்ப மாட்டேன்.

அந்த ஒரு கேள்விக்கு நாலு நிமிசம் ஆச்சு. ஒவ்வொரு எழுத்தாத் தள்ளித் தள்ளிக் கொண்டாந்தாரு, கழுத்து நரம்பு பொடைச்சுக்கிச்சு, கோணல் லிப்ஸ்டிக்மேல வேர்வை வழிஞ்சுது, ஒரு எடத்துல மொத்தமா நின்னுபோய் மறுபடி மொதல்ல இருந்து தொடங்கினாரு. மூவாயிரம் பேருக்கும் அந்த வார்த்தை தெரியும், ஒருத்தராவது எடுத்துக் குடுக்கணுமே? மூச்சு விடலை. எனக்குக் கண்ணீரு கொட்டுது, சிரிப்பாவும் வருது. லொரெட்டாக்கா படியில இறங்கி, முதுகுகளுக்கு நடுவுல வழி பண்ணிக்கிட்டு, ஏணிக்குக் கீழே வந்து நின்னுது. வாயைப் பாக்கலை. தலையைக் கொஞ்சம் சாய்ச்சுக் காதை மேல காட்டிக்கிட்டு நின்னுது, அவரு, "…கட்டிக்கறியா?"ன்னு முடிக்கற வரைக்கும்.

முடிச்சதும் அந்தக்கா நிமிந்துச்சு. குரலே விடாம, உதட்டால மட்டும், ஊருக்குக் கேக்காம, அவருக்கு மட்டும் சொல்லுச்சு, திருட்டுத்தனமா நானும் படிச்சேன்: "சரின்னுதான் சொல்லப் போறேன். எட்டு வருஷத்துல உன்ற குரலை நான் கேட்டதே இல்லை எர்ல். இன்னொரு தடவை சொல்லு. அவசரமே இல்லை."

எர்லண்ணன் கண்ணைத் தொறந்து அந்தக்காவைப் பாத்துக்கிட்டே "ல்"லுல இருந்து மறுபடி ஆரம்பிச்சாரு. அந்த வெயில்ல ஒரு முதுகும் அசையலைங்க.